உரைக்குக் கால் பங்கு: வேலூரில் ஒரு கல்வித் தத்துவ உரைத்தொடர் – நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு பற்றி

வேலூர் மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கல்வியியல் துறை, கல்வித் தத்துவம் குறித்து ஒரு கல்வியாண்டு முழுவதும் மாதம் ஓர் உரை என்று ஏற்பாடு செய்தது. அதன் ஒருங்கிணைப்புக் குழுவில் அமர்வுக் குறிப்புகளை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்தக் குறிப்புகளையும், குழுவின் கூட்டப் பதிவுகளையும், கலந்துகொண்டவர்களிடம் பிறகு பேசியதையும் வைத்து இதை எழுதுகிறேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஒரு மாணவியின் நிலை பற்றி வரும் இடத்தில், ஊரையும் சில குடும்ப விவரங்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு ஆண்டுப் படிப்பாக இருக்கிறது. அதில் கல்வியின் தத்துவ அடிப்படைகளைப் படிக்காமல் யாரும் வெளியே வர முடியாது. ஆனால் அது மாணவர்களிடம் போய்ச் சேரும் விதம் எங்களுக்குக் கவலை தந்தது. கருத்துக்கொள்கை என்றால் பிளேட்டோ, இயற்கைக்கொள்கை என்றால் ரூசோ, பயனளவைக்கொள்கை என்றால் ஜான் டூயி என்று இணை இணையாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் அந்தப் பெயர்கள் விடைத்தாளோடு போய்விடுகின்றன. பிறகு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும்போது, யாருக்கு எதை ஏன் கற்பிக்கிறோம் என்ற கேள்வி வரத்தான் செய்கிறது. அப்போது அதற்குத் துணையாக எதுவும் கையில் இருப்பதில்லை.

இந்த மண்ணுக்குக் கல்வி பற்றிய பேச்சு புதிதல்ல. 1948இல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போவதற்கு முன் வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தவர். பெண்களுக்கு மருத்துவம் கற்பிக்க ஐடா ஸ்கடர் 1918இல் பள்ளி தொடங்கியதும் இதே ஊரில்தான். இந்த இரண்டு செய்திகளும் எல்லாத் தொடக்க விழா உரைகளிலும் இடம்பெறும். எங்கள் தொடக்க விழாவிலும் இடம்பெற்றன.

அதிகம் பேசப்படாத பக்கமும் உண்டு. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, ஆம்பூர், இராணிப்பேட்டை பகுதிகளிலிருந்து வருபவர்கள். பீடி, தீப்பெட்டி, தோல், கைத்தறி என்று ஏதாவது ஒரு கூலி வேலையில் வளர்ந்த குடும்பங்கள். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் இராணிப்பேட்டையும் ஆம்பூரும் வேறு மாவட்டங்களுக்குப் போய்விட்டன என்றாலும், மாணவர்கள் வந்துபோகும் பாதை மாறவில்லை. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள் பலர். கல்வி எதற்கு என்ற கேள்வியை அவர்கள் பாடப்புத்தகத்தில் சந்திப்பதற்கு வெகு முன்பே வாழ்க்கையில் சந்தித்துவிட்டவர்கள். தொடரைத் திட்டமிட்டபோது இதை நாங்கள் கணக்கில் கொண்டிருந்தோம். அமர்வுகளின் அமைப்பில் மட்டும் அதற்கு இடம் இருக்கவில்லை.

முதல் அமர்வுகளில் கண்டவை

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.30 மணி என்று முடிவாயிற்று. பி.எட். மாணவர்களுக்கு வருகைப் பதிவு உண்டு. அருகிலுள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் அழைப்பு அனுப்பினோம். விருப்பத்தின் பேரில் சிலர் வந்தார்கள்.

கூடம் நிறைந்திருந்தது. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, துறைத்தலைவர் உரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு. உரையாளர் ஒலிபெருக்கியின் முன் நின்றபோது மூன்று மணி தாண்டியிருந்தது. ஒரு மணி நேரம் பேசினார். "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்ற கேள்விக்குப் பதிலாக அமைதி. பிறகு நன்றியுரை. நாலேகால் மணிக்கெல்லாம் பைகள் தோளில் ஏறிவிட்டன. காட்பாடி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டிய பெண்கள் அவர்கள். அவர்களிடம் நான் குறை காணவில்லை.

கருத்துப் படிவங்களில் ஏறக்குறைய எல்லோரும் "மிகச் சிறப்பு" என்று எழுதியிருந்தார்கள். குழுக் கூட்டத்தில் அந்தப் படிவங்களை வெற்றிக்குச் சான்றாக ஒருவர் முன்வைத்தார். மற்றொருவர், உரையில் வந்த ஒரே ஒரு கருத்தையாவது குறிப்பிட்டு எழுதிய படிவம் ஏதும் உண்டா என்று கேட்டார். தேடிப் பார்த்தோம். பெயர்கள் இருந்தன, ஆண்டுகள் இருந்தன. ஒரு கருத்தோடு உடன்பட்டோ முரண்பட்டோ எழுதிய வரி ஒன்றுகூட இல்லை.

பாவ்லோ ஃபிரெய்ரே பற்றிய அமர்வு, நிலைமையை இன்னும் தெளிவாகக் காட்டியது. பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் 1963இல் எழுத்தறியாத கூலித் தொழிலாளர்களுக்கு, அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்தே எழுத்தைக் கற்பித்தவர் அவர். அடுத்த ஆண்டு இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சிறைக்கும் பிறகு நாட்டைவிட்டு வெளியேறவும் நேர்ந்தது. மாணவரைப் பணம் போட்டுவைக்கும் வங்கிக் கணக்காகக் கருதும் கல்வியை அவர் கடுமையாகச் சாடினார். எங்கள் உரையாளர் இதையெல்லாம் நன்றாகவே அறிந்தவர். மாணவர்கள் எழுதிக்கொள்ள வசதியாக, வங்கிமுறைக் கல்வியின் குறைகளை ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார். நூற்றுக்கு மேற்பட்ட பேனாக்கள் ஒரே நேரத்தில் ஓடின. பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் காட்சி மிகவும் வருத்தம் தந்தது. உரையாளர் மேல் தவறில்லை. மேடை, ஒலிபெருக்கி, வருகைப் பதிவேடு, ஒரு மணி நேரம் என்று நாங்கள் அமைத்துக் கொடுத்த ஏற்பாட்டில் வேறு எந்த விதமாகவும் பேச அவருக்கு வழியில்லை.

பின்வரிசையிலிருந்து வந்த கேள்வி

அதே அமர்வின் முடிவில், கடைசி வரிசையிலிருந்து ஓர் ஆசிரியை எழுந்தார். குடியாத்தம் பக்கத்து ஊர் ஒன்றில் அரசு நடுநிலைப்பள்ளியில் பணிபுரிபவர். அவர் கேட்டதை என் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"ஐயா, என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை முதல் பாடவேளையிலேயே தூங்கிவிடுகிறாள். இரவில் அம்மாவோடு உட்கார்ந்து பீடி இலை வெட்டுகிறாள். நான் அவளை எழுப்ப வேண்டுமா, தூங்க விட வேண்டுமா? எழுப்பினால் பாவமாக இருக்கிறது. தூங்க விட்டால் என் வேலையை நான் செய்யவில்லை என்று தோன்றுகிறது. நீங்கள் சொன்னதை வைத்து இதற்கு என்ன பதில்?"

உரையாளர் அன்பாகவே பதில் சொன்னார். வறுமை ஒழிய வேண்டும், ஆசிரியர் தாயுள்ளத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்றார். நேரம் முடிந்துவிட்டது. நன்றியுரை சொல்ல வேண்டியவர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அந்த ஆசிரியையைச் சுற்றிப் பதினைந்து இருபது மாணவிகள் நின்றிருந்தார்கள். ஒரு பஸ் வந்து போயிற்று. பாதிப்பேர் அதில் ஏறவில்லை. "எழுப்பத்தான் வேண்டும் மேடம். என்னை எழுப்பிய டீச்சரால்தான் நான் இங்கே நிற்கிறேன்" என்று ஒரு மாணவி சொன்னாள். இன்னொருத்தி, எழுப்பி அடித்த ஆசிரியரால்தான் தன் அக்கா பள்ளியை விட்டாள் என்றாள். ஒரு குழந்தைக்கு நல்லது செய்வது என்றால் என்ன, அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு, ஆசிரியரின் கடமை எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்று அவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்வித் தத்துவம் அதுவேதான். கூடத்துக்குள் ஒரு மாதமும் நடக்காதது, கூடத்துக்கு வெளியே, எங்கள் உதவி இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

குழு எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அடுத்த வாரம் குழு கூடியது. தொடரை அப்படியே முடித்துவிட்டு அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம் என்பது ஒரு தரப்பு. அழைப்பிதழ்கள் அச்சாகிவிட்டன என்பதும், உரையாளர்களிடம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாகிவிட்டது என்பதும் அவர்களது காரணங்கள். அவை நியாயமானவைதான். மறு தரப்பு, நடுவிலேயே மாற்ற வேண்டும் என்றது.

முடிவுக்கு வழி காட்டியது நன்னூல். குழுவில் இருந்த தமிழ்த்துறைப் பேராசிரியர் அதன் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்டல் பற்றிய பகுதியை எடுத்து வைத்தார். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு புலமைதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு விரித்துரைக்கும்போதுதான் வந்து சேரும். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் போட்டுக் கொடுத்த கணக்கு இது. நாங்கள் நடத்திக்கொண்டிருந்த தொடரில் முதல் கால் பங்கு மட்டுமே இருந்தது. அதிலும் பாதியைப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் எடுத்துக்கொண்டன.

அந்தக் கணக்கையே அமர்வின் அமைப்பாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. உரை அரை மணி நேரம். அதன்பின் ஆறேழு பேர் கொண்ட குழுக்களில் பேச்சு. ஒவ்வொரு குழுவிலும் பணியில் இருக்கும் ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும். அமர்வின் மீதி நேரம், சென்ற மாதக் கருத்தை வகுப்பறைக்கு எடுத்துச் சென்றவர்கள் வந்து சொல்வதற்கு. வரவேற்பும் நன்றியும் ஆளுக்கு இரண்டு நிமிடம். பொன்னாடைக்குப் பதில், வெளியூர் ஆசிரியர்களுக்குப் பஸ் கட்டணம். ஒரு மூத்த பேராசிரியர் இதை விருந்தினருக்குச் செய்யும் அவமரியாதை என்று கருதினார். அவரிடம் துறைத்தலைவர் நேரில் போய்ப் பேசினார். அரைமனதாகச் சம்மதித்தார்.

கட்டாய வருகையை நீக்குவதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. கூடம் காலியாகிவிடும் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் குழுப்பேச்சில் கட்டாயத்தின் பேரில் உட்கார்ந்திருப்பவர், பேச விரும்புகிறவரையும் தயங்க வைப்பார். பதிவேட்டை எடுத்துவிட முடிவு செய்தோம். உரை தமிழில் இருக்கலாம் என்று எல்லா உரையாளர்களுக்கும் எழுதினோம். பெரும்பாலோர் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். பழைய முறைப்படிதான் பேசுவேன் என்றவர் ஒருவர். அவருடைய உரையைத் தொடரிலிருந்து பிரித்துத் தனி விழாவாக நடத்தினோம்.

ஆசிரியையின் கேள்விக்கு என்ன செய்வது என்பது தனிப் பொருளாக வந்தது. அதற்குரிய அமர்வு வரும்வரை காத்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு குழந்தையின் தூக்கம் மாத அட்டவணைக்குக் காத்திருக்காது என்று சமூகப்பணித் துறையைச் சேர்ந்த உறுப்பினர் சொன்னார். பீடி சுற்றுதல், குழந்தைகளுக்குத் தடை செய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது என்பதையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அவர் நினைவூட்டினார். ஆசிரியையின் அச்சம் வேறாக இருந்தது. புகார் என்று போனால் தாய் பிள்ளையைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிடுவாள் என்று அவர் நினைத்தார். அவர் இடத்தில் நின்று நாங்கள் முடிவெடுப்பது சரியல்ல என்பதால், சமூகப்பணி உறுப்பினரை அவரோடு நேரடியாகப் பேச வைத்தோம். முதலில் தலைமையாசிரியர் வழியாகத் தாயைச் சந்திப்பது, நிலைமை மாறாவிட்டால் அடுத்த படிக்குப் போவது என்று அவர்கள் இருவரும் தீர்மானித்தார்கள்.

மாறிய அமர்வுகள்

புதிய முறையில் நடந்த முதல் அமர்வின் பொருள், பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனிடம் வடிவியல் கேட்கும் பகுதி. ஒரு சதுரத்தின் பரப்பை இரட்டிப்பாக்க அதன் பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கேள்வி. அந்தச் சதுரம் இரண்டடிக்கு இரண்டடி. எங்கள் கூடத்துத் தரைக்கல்லும் அதே அளவு. உரையாளர் நாற்காலிகளை ஓரம் தள்ளச் சொன்னார். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்ட தமிழ் ஆய்வு மாணவர் ஒருவர் சிறுவனாக நடிக்க முன்வந்தார். நடிப்பதற்கு அவசியமே ஏற்படவில்லை.

"பக்கத்தை இரட்டிப்பாக்கினால் போதும்" என்றார் அவர். நான்கடிப் பக்கத்துக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்கள். உள்ளே எத்தனை கல் என்று எண்ணச் சொன்னார்கள். நான்கு. வேண்டியது இரண்டு. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அப்படியானால் மூன்றடி" என்றார். ஒன்றரைக் கல்லுக்கு ஒன்றரைக் கல். எண்ணிப் பார்த்தால் இரண்டேகால் கல். நெருங்கிவிட்டார், ஆனால் இன்னும் தவறு. சுற்றி நின்ற கணக்குப் பட்டதாரிகள் வாயை மூடிக்கொண்டு நிற்கப் பட்ட பாடு பெரிது. கடைசியில் ஒவ்வொரு கல்லிலும் மூலைவிட்டத்தை வரைந்து பார்க்கலாமா என்று அவரே கேட்டார். நான்கு கல்லுக்கு நடுவே சாய்ந்த சதுரம் ஒன்று உருவாயிற்று. ஒவ்வொரு கல்லிலும் பாதி அதற்குள் இருந்தது. நான்கு பாதி, இரண்டு முழுக்கல். அவர் குனிந்து அந்தக் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினார்.

குழுப்பேச்சில் ஒரு கணக்கு ஆசிரியர் சாக்ரடீஸைக் கடுமையாக மறுத்தார். "இவர் கேட்கும் கேள்விகளுக்கு 'ஆமாம் ஐயா' என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு, பையனே கண்டுபிடித்தான் என்கிறார். நாமும் வகுப்பில் இதைத்தான் செய்கிறோம்" என்றார். அப்படியானால் உண்மையான கேள்வி எது என்று விவாதம் நீண்டது. ஆசிரியருக்கே விடை தெரியாத கேள்வியைத்தான் கேட்க வேண்டுமா? அப்படி ஒரு பாடவேளையை எத்தனை நாள் நடத்த முடியும்? முடிவு எட்டப்படவில்லை.

அடுத்த மாதம், கற்பித்தல் பயிற்சியில் இருந்த மாணவி ஒருவர் இதே சதுரத்தை எட்டாம் வகுப்புக்குக் கொண்டுபோன கதையைச் சொன்னார். அவரது பாடக்குறிப்பில் சாக்ரடீஸின் கேள்விகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. இரண்டாவது கேள்விக்குள்ளேயே கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் நோட்டிலிருந்து சதுரமாக ஒரு தாளைக் கிழித்து, நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடித்து, "மிஸ், இது பாதி. விரித்தால் இரட்டை" என்று நீட்டினான். பாடக்குறிப்பில் அதற்கு இடமில்லை. அவர் குறிப்பை மூடி வைத்துவிட்டு, எல்லோரையும் தாள் மடிக்கச் சொன்னார். மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர், திட்டமிட்ட பாடம் முடியவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்த மாணவி இதைச் சொன்னபோது கூடத்தில் எழுந்த விவாதம், தொடரிலேயே மிகச் சூடானது. மேற்பார்வையாளர்களில் இருவர் அங்கே இருந்தார்கள். ஒருவர் தன் மதிப்பீட்டுத் தாளை மாற்றி அமைக்கத் தயார் என்று அந்த இடத்திலேயே சொன்னார்.

நன்னூலுக்கென்றே ஓர் அமர்வு நடந்தது. மாணவரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டும் பன்னாடை) என்று எட்டு வகையாக்கி, அவற்றை முதல், இடை, கடை என்று அது தரம் பிரிப்பது பலருக்கும் தெரியும். பள்ளிகளில் இன்று "மெல்லக் கற்போர்" என்று பட்டியல் எடுப்பதும் இதுவும் ஒன்றா என்று கேள்வி எழுந்தது. அப்போது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அதே நூல் ஆசிரியர் ஆகத் தகாதவர்களையும் நான்கு உவமைகளால் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டினார். கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. முறை மாறிக் கொட்டுபவர், தன்னை அணுகவே விடாதவர், எளிதில் வாங்கவும் கொடுக்கவும் இயலாதவர், நீர் வார்த்தவரை விட்டு அயலாருக்குக் காய் கொடுப்பவர். ஆசிரியர்கள் தங்களைத் தாங்களே இந்த நான்கில் வைத்துப் பார்த்தபோது பேச்சின் தன்மையே மாறிவிட்டது. அந்தப் பெரியவர் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் காலத்தில் மாலை வகுப்பு எடுத்தவர். ஃபிரெய்ரேயின் பெயரைக் கேள்விப்படாமலே, கற்போரின் சொற்களிலிருந்து தொடங்கிய அனுபவம் அவருக்கு இருந்தது. அவரைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் அவர்களைத் தேடிப் போவதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

அம்பேத்கர், டூயி இருவரையும் பற்றிய அமர்வு சிறியது. அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை படித்தபோது டூயி அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் என்பதும், மக்களாட்சி என்பது ஆட்சிமுறை மட்டுமன்றிக் கூடிவாழும் முறை என்று இருவரும் கருதியதும் பேசப்பட்டன. இந்த மாவட்டமே சில ஆண்டுகள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் தாங்கியிருந்தது. கூடிவாழ்தல் தங்கள் பள்ளியில் எப்படி இருக்கிறது என்று எழுதித் தரச் சொன்னோம். வந்த தாள்களில் சாதி பற்றி எழுதியவற்றை வாசித்தபின், அவற்றைப் பொதுவில் விவாதிக்க இன்னும் முதிர்ந்த ஏற்பாடு தேவை என்று நிறுத்திக்கொண்டோம்.

பீடி இலையும் கைத்தொழில் கல்வியும்

காந்தியின் ஆதாரக் கல்வி பற்றிய அமர்வுக்கு, முன்பு கேள்வி கேட்ட ஆசிரியையே ஒரு பேச்சாளராக வந்தார். முதலில் உரையாளர் வரலாற்றைச் சொன்னார். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாடு, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்டு ஏழாண்டுக் கல்வி என்ற கருத்தை ஏற்றது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. தமிழ்நாட்டு நினைவில் இதற்கு அருகிலேயே இன்னொன்றும் இருக்கிறது. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற திட்டம். குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது.

பிறகு ஆசிரியை பேசினார். இலையை ஈரப்படுத்தி, அளவுத்தகட்டை மேலே வைத்துக் கத்தரிப்பது அந்தப் பெண்ணின் வேலை. சுற்றுவது தாய். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்த இலைக்கும் தூளுக்கும் கணக்குக் குறைந்தால் கூலியில் பிடித்தம். "இவள் கையும் வேலை செய்கிறது. காந்தி சொன்ன குழந்தையின் கையும் வேலை செய்கிறது. வித்தியாசம் எங்கே என்று எனக்குப் புரிய வேண்டும்" என்றார்.

குடியாத்தத்து நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்தார். குழித்தறியில் இழை எண்ணித்தான் தனக்குக் கணக்கு வந்தது என்றும், பள்ளியில் ஓர் ஆசிரியர்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை என்றும் சொன்னார். தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்திருந்தால் தன் தலை நிமிர்ந்திருக்கும் என்பது அவர் கருத்து. தோல் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள் ஒருவர் உடனே மறுத்தார். அப்பாவின் தொழிலை மறக்கத்தான் தான் பள்ளிக்கு வந்ததாகவும், அங்கேயும் அதை நினைவூட்டினால் போக வேறு இடம் இல்லை என்றும் சொன்னார். 1953இல் நடந்த விவாதம் அந்தக் கூடத்தில் மறுபடி உயிரோடு எழுந்ததாகவே எனக்குத் தோன்றியது.

குழுக்கள் பேசி முடித்தபோது ஒரு தெளிவு கிடைத்தது. அந்தப் பெண்ணின் இரவை நிர்ணயிப்பது மறுநாள் ஒப்படைக்க வேண்டிய கணக்கு. அவள் எதைக் கற்றாள் என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. களைத்தால் நிறுத்தலாம், பிழை நேர்ந்தால் மீண்டும் செய்யலாம் என்ற சலுகையும் இல்லை. கைவேலை கல்வியாக வேண்டுமானால் அந்த இரண்டும் குழந்தைக்கு இருந்தாக வேண்டும். இதை எழுதிக் கொடுத்த குழுவில் பேராசிரியர் ஒருவரும் இல்லை.

என்ன விளைந்தது

மாணவியின் நிலை ஓரளவு மாறியது. தலைமையாசிரியரும் ஆசிரியையும் தாயைச் சந்தித்தார்கள். பள்ளி நாட்களில் பிள்ளையை ஒன்பது மணிக்குப் படுக்க வைக்கத் தாய் ஒப்புக்கொண்டார். மாதக் கடைசியில் அது நடப்பதில்லை. சந்திப்பில் இன்னொன்றும் தெரியவந்தது. அவள் தம்பி மூன்றாம் வகுப்பு. பள்ளியில் காலை உணவு அப்போது ஐந்தாம் வகுப்பு வரைதான். தம்பி சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் வெறும் வயிற்றோடு வாசலில் நிற்பாள். ஆசிரியர்கள் தங்கள் செலவில் அவளைப் போன்ற சிலருக்கு ஏற்பாடு செய்தார்கள். ஏழாம் வகுப்பின் கணக்குப் பாடவேளை முதலிலிருந்து மூன்றாவதுக்கு மாறியது. மதிய இடைவேளையில் ஒரு தோழி அவளுக்குக் காலைப் பாடத்தைச் சொல்லித் தருகிறாள். எழுப்ப வேண்டுமா என்ற கேள்விக்கு, "சில நாள் எழுப்புகிறேன், சில நாள் விடுகிறேன். எந்த நாள் எது என்று இப்போது அவளையே கேட்கிறேன்" என்றார் ஆசிரியை. வீட்டில் இலை வெட்டுவது முற்றிலும் நிற்கவில்லை. சமூகப்பணி உறுப்பினர் இன்னும் அந்தக் குடும்பத்தோடு தொடர்பில் இருக்கிறார்.

தொடரைப் பொறுத்தவரை, பதிவேட்டை நீக்கிய மாதமே கூட்டம் பாதிக்கும் கீழே போயிற்று. பிறகு மெல்ல ஏறியது. பழைய அளவைத் தொடவே இல்லை. ஆனால் பள்ளி ஆசிரியர்களின் வருகை கூடியது. ஒருவர் இன்னொருவரை அழைத்து வந்தார். தேர்வுக்கு இது உதவாது என்று விலகிக்கொண்ட மாணவர்களும் உண்டு. தேர்வு முறை அப்படியே இருக்கும்வரை அவர்கள் சொல்வதை என்னால் மறுக்க முடியாது.

குழுப்பேச்சில் ஆய்வு மாணவர்களே அதிகம் பேசினார்கள், மாணவிகள் குறைவாகப் பேசினார்கள். பேசுவதற்கு முன் எல்லோரும் ஒரு தாளில் எழுத வேண்டும் என்ற பின் ஓரளவு சமநிலை வந்தது. இரண்டு அமர்வுகள், எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவேற்றம் முதலான வேலைச்சுமை பற்றிய குமுறலாகவே முடிந்தன. அதை அடக்க வேண்டாம் என்று குழு கருதியது. கற்பிப்பதற்கு நேரமில்லாத ஆசிரியரிடம் கற்பித்தலின் நோக்கம் பற்றி மட்டும் பேசுவது முறையல்ல. குமுறலின் முடிவில் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். ஒருமுறை ஓர் ஆசிரியர் தன் மாணவனைப் பற்றிச் சொன்ன விவரங்களிலிருந்து, அதே ஊர்க்காரர் ஒருவர் குடும்பத்தைக் கண்டுகொண்டார். அன்றிலிருந்து பிள்ளையின் பெயர், தெரு, பெற்றோரின் தொழில் ஆகியவற்றைச் சொல்லக் கூடாது என்ற விதி வந்தது.

அடுத்த தொடரில் மாற்ற வேண்டியவை

அமர்வுகள் பல்கலைக்கழகத்தில் மட்டும் நடக்கத் தேவையில்லை. குடியாத்தத்திலும் அணைக்கட்டிலும் ஒரு பள்ளியைப் பார்த்து, சனிக்கிழமை முற்பகலில் நடத்தினால் ஆசிரியர்களும் வருவார்கள், மாணவிகளுக்கும் இருட்டு பயம் இல்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் என்பது கூடம் காலியாக இருக்கும் நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. வருபவர்களின் நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில்லை.

குழந்தையின் பாதுகாப்பைத் தொடும் செய்தி அமர்வில் வெளிப்பட்டால் யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பது தொடர் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். இம்முறை சமூகப்பணி உறுப்பினர் ஒருவர் குழுவில் இருந்தது தற்செயல். அவர் இல்லாதிருந்தால் அந்தக் கேள்வி பஸ் நிறுத்தத்தோடு முடிந்திருக்கும்.

உரையாளர்களிடம் தலைப்பைக் கொடுத்து அழைப்பதற்குப் பதில், ஆசிரியர்கள் எழுதிய மூன்று நான்கு கேள்விகளைக் கொடுத்து அழைக்கலாம். எந்தத் தத்துவவாதியைக் கொண்டுவருவது என்பதை உரையாளர் தீர்மானிக்கட்டும். சாதி பற்றி வந்த தாள்கள் துறையில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கென்று, ஒருவரையொருவர் அறிந்து நம்பிக்கை வந்த சிறிய குழுவோடு, தனி அமர்வுகள் வேண்டும். மேற்பார்வை மதிப்பீட்டுத் தாளில் "எதிர்பாராத மாணவர் விடையைக் கையாண்ட விதம்" என்று ஒரு வரியைச் சேர்க்கும் முன்மொழிவு பாடத்திட்டக் குழுவின் முன் இருக்கிறது. அது ஏற்கப்படுமா என்பது அடுத்த கூட்டத்தில் தெரியும். அதுவரை, அந்த வரியைச் சேர்த்த தாளையே இரண்டு மேற்பார்வையாளர்கள் தங்கள் பொறுப்பில் பயன்படுத்தி வருகிறார்கள்.